கோல் எண்ணாத ஆட்டம்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு நிருபர் கூப்பிட்டார். கால்பந்து வீரர் ஒருவருக்கும் அவருடைய கிளப்புக்கும் ஒப்பந்தத் தகராறு. கிளப் தன் அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது. வீரரின் ஏஜென்ட்டும் அனுப்பிவிட்டார். "ரெண்டையும் சேர்த்து செய்தி ஆக்கிட்டேன் மேடம். படிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியல, எனக்கும் சேர்த்துதான். நீங்க டெல்வின் விஷயத்தை எப்படி எழுதினீங்க?" என்று கேட்டார்.

டெல்வினைப் பற்றி நான் எழுதியது மிகக் கொஞ்சம். தெரிந்துகொண்டது அதைவிட அதிகம். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். டெல்வினின் ஊரையும் கிளப்பையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரி. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள், உப்பு விலை, முத்தையாபுரத்தில் நிற்காமல் போகிற பஸ்கள் என்று சில வருடங்கள் ஓடின. விளையாட்டுச் செய்தி எழுதியவர் மதுரைக்கு மாற்றலாகிப் போனதால் அது என் கைக்கு வந்தது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அதைத் தலைமை நிருபர் பால்வண்ணனிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன் யாரையும் கேக்காம எழுதிருவான்" என்றார்.

பால்வண்ணன் சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டு, நாம் எழுதியதைக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். "முதல் பத்தியில எல்லாரும் உஷாராத்தான் இருப்பான். கடைசியிலதான் வீட்டுக்குப் போற அவசரம்" என்பார். சந்தேகப்பட்ட வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அடிக்க மாட்டார், திருத்த மாட்டார். புள்ளியைப் பார்த்ததும் அது யார் சொன்னது, யாரிடம் கேட்டது என்று நாமாகவே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை நாமே எடுத்துவிடுவோம்.

ஆட்டச் செய்திக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கோல் அடித்தவர் பெயரை அணிக்காரர்களிடம் கேட்கக் கூடாது, நடுவரிடம் கேட்க வேண்டும். பிறகு அந்தப் பெயரை அடித்தவரிடமே போய்ச் சரிபார்க்க வேண்டும். கடற்கரை அணிகளில் ஒரே அணியில் மூன்று அந்தோணி இருப்பார்கள். தகப்பனார் பெயர் இல்லாமல் எழுதினால் மறுநாள் மற்ற இரண்டு அந்தோணிகளின் வீட்டிலிருந்தும் ஆள் வரும். தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் அவர்தான் முதலில் கிளம்பிப் போய்விடுவார். தகராறு என்றால் இரண்டு தரப்பையும் நேரில் பார்க்காமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது.

ஒரு காலத்தில் நன்றாக ஆடுகிற பையன்களுக்குக் கம்பெனிகள் வேலை கொடுத்தன. பையன் பகலில் பண்டகசாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் ஆடுவான். பிறகு தனியார் கிளப்புகள் வந்தன. வேலைக்குப் பதிலாக ஒப்பந்தம் வந்தது. டெல்வின் அந்த இரண்டாவது காலத்தைச் சேர்ந்தவர்.

அவருடைய ஊர் மணப்பாட்டைத் தாண்டிப் போகிற கடற்கரையில் இருக்கிறது. இடது கால் ஆட்டக்காரர். கோட்டை ஒட்டியே ஓடி, பந்து வெளியே போய்விட்டது என்று எதிரணி நினைக்கிற நேரத்தில் உள்ளே திருப்புவார். அவர் ஆடுகிற நாளில் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வருவார்கள். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு முகவர் ஒருவர் நடத்திய கிளப்பில் அவர் ஒப்பந்தத்தில் இருந்தார். கிளப்பின் அனுமதி இல்லாமல் வேறெங்கும் ஆடக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான்.

அந்த வருடம் கேரளத்தில் ஒரு பெரிய கிளப் அவரைக் கேட்டது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அந்த வயதுக்கு மேல் இப்படி ஒரு அழைப்பு மறுபடி வராது என்று எனக்கே தெரிந்திருந்தது. கிளப் முதலாளியும் பெருந்தன்மையாக விடுவிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு வீடியோ வந்தது.

யாரோ செல்போனில் எடுத்தது. டெல்வினின் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு முன்னால் மணல்வெளி. வெறுங்காலோடு ஆட்கள் ஓடுகிறார்கள். அவர்களில் டெல்வின். பந்தை எடுத்துக்கொண்டு பாய்கிறார், ஒருவர் குறுக்கே விழுகிறார், டெல்வின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உருள்கிறார். அடுத்த வாரம் நடந்த அரையிறுதியில் அவரால் ஆட முடியவில்லை. கிளப் தோற்றது. முதலாளி விடுவிப்பை நிறுத்திவிட்டு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். கேரள கிளப் வீரர்களைப் பதிவு செய்யும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கிளப்பின் செயலாளரைப் பார்த்தேன். அவர் பெயர் ஜெபராஜ். சாத்தான்குளத்துக்காரர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நிதானமான மனிதர். "ஆடியிருக்கான்மா. ஊரே பாத்திருக்கு. அரையிறுதியை விட்டுட்டோம். முதலாளிக்குக் கோவம் வராம இருக்குமா?" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

பிறகு டெல்வினைப் பார்த்தேன். கிளப் விடுதியில் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆடினீங்களா?"

"ஆடுனேன் மேடம்."

"அனுமதி கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா விட மாட்டாங்கன்னு தெரியும்லா."

"பின்ன ஏன் ஆடினீங்க?"

"நேர்ச்சை மேடம்" என்றார். காலை வாளியிலிருந்து எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

அலுவலகத்துக்குத் திரும்பி இரண்டு தரப்பையும் எழுதிக் கொடுத்தேன். பால்வண்ணன் கீழிருந்து மேலே படித்தார். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"ஆடுனான்னு அவர் சொல்லுதாரு. ஆடுனேன்னு இவனும் சொல்லுதான். ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா தகராறு எங்கம்மா இருக்கு?"

"நேர்ச்சைன்னு சொல்றார் சார்."

"அப்படின்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் காணிக்கை உண்டு, ஜெபம் உண்டு. கால்பந்து ஆடி நிறைவேற்றுகிற நேர்த்திக்கடனை நான் கேள்விப்பட்டதில்லை. "போயிட்டு வா" என்றார்.

மறுநாள் பஸ் ஏறினேன். மணப்பாட்டில் இறங்கி டெல்வினின் ஊருக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கோயிலுக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் மீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். செய்திக்காரியின் பழக்கத்தில் முதல் கேள்வியாக வந்தது அதுதான்: "அன்னைக்கு டெல்வின் ஆடின ஆட்டத்தில எத்தனை கோல்?"

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "ஏளா, இவங்க நேர்ச்சை ஆட்டத்துக்கு கோல் கேக்காங்க!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எண்ண மாட்டோம் மேடம். எண்ணக் கூடாது."

"அப்போ யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ஜெயிச்சா கப்பு குடுக்கணும்லா. கப்பு வாங்க கமிட்டியில துட்டு ஏது?" என்றாள் வேறொருத்தி. மறுபடி சிரிப்பு.

பாதிரியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்து விளக்கினார். அந்த ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவரும் அவர்தான். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அது நடக்கும். கடலில் தப்பியவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், அவர்களுக்காக நேர்ந்துகொண்ட வீட்டார் எல்லோரும் ஆடலாம். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்ற வரையறை கிடையாது. வெறுங்கால். ஆராதனை மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது.

"போன வருஷம் ஒரு பெரியவரு, இடுப்புல ஆபரேஷன் பண்ணுனவரு, ஆடுனாரு. அவர்ட்டயும் முட்டித் தள்ளித்தான் பந்தைப் பிடுங்குனானுவ. ஏசிக்கிட்டே எந்திரிச்சுத் திரும்பவும் ஓடுனாரு" என்றார் உபதேசியார்.

"பாவம் இல்லையா?"

"சும்மா வந்து நிக்கதுக்கு நேர்ச்சை எதுக்கு மேடம்? ஒரு மெழுகுதிரி வச்சுட்டுப் போயிரலாமே. ஆடுதேன்னு சொன்னா ஆடணும். நடிச்சா அது அவர்ட்ட வாங்கிட்டு ஏமாத்துனதுல்லா?"

"அவர்" என்று சொன்னபோது கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

டெல்வின் வீட்டு நேர்ச்சை அவருடைய அண்ணன் ரீகனுக்கானது. திருவிழாவுக்கு முன்பு ரீகனின் வள்ளம் இன்ஜின் பழுதாகிக் காற்றில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேடப்போன வள்ளங்கள் சும்மா திரும்பின. அவர்களுடைய அம்மா, மூத்தவன் வந்து சேர்ந்தால் இளையவன் ஆடுவான் என்று கோயிலில் போய்ச் சொல்லிவிட்டார். இளையவனைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் பற்றி அவருக்குத் தெரியவும் தெரியாது. ஊரிலேயே சிறந்ததாகத் தன்னிடம் இருந்தது அந்தப் பையனின் ஆட்டம்தான் என்பதால் அதை நேர்ந்தார். அதற்குப் பிறகு ராமேஸ்வரம் பக்கத்துப் படகு ஒன்று ரீகனைக் கரை சேர்த்தது.

ரீகனை அன்றே பார்த்தேன். கிழிந்துபோன வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்து முடிந்துகொண்டிருந்தார். வீடியோவில் குறுக்கே விழுந்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். "எதிர்ப் பக்கம் நின்னேன். எனக்கும் நேர்ச்சை உண்டுல்லா. அவன் பாய்ஞ்சு வாரான், விட்டா கோல். விடக் கூடாதே. விழுந்தேன்." முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நான் விழுந்ததுலதான் அவன் கால் போச்சு. கிளப்காரங்க என்ன எழுதச் சொன்னாலும் எழுதிட்டுப் போயிருலன்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கான்."

பால்வண்ணனிடம் திரும்பி வந்து எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். முடிந்ததும், "அப்ப அது ஆட்டமா, பூசையா?" என்றார். தெரியவில்லை என்றேன். "ரெண்டுல எதுன்னு முடிவாகுதோ அதை வச்சுத்தான் தீர்ப்பு வரும். விசாரணைக்குப் போ" என்றார்.

விசாரணை கிளப் அலுவலகத்தின் மாடியில், பதிவுக் கெடுவுக்கு முந்தின நாள் நடந்தது. முதலாளி வரவில்லை, எல்லாப் பொறுப்பையும் ஜெபராஜிடம் விட்டிருந்தார். என்னை வெளி அறையில் உட்காரச் சொன்னார்கள். ஏசி ஓடவில்லை, அதனால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது. ரீகனும் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

ஜெபராஜ் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பால்வண்ணன் கேட்ட அதே கேள்வியை அவரும் தனக்குத்தானே கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தட்டச்சு செய்த ஒரு தாளை டெல்வின் முன்னால் வைத்து, அதில் இருந்ததை வாசித்தார். அன்று நடந்தது கோயில் சடங்கு, அதில் கோல் கணக்கு கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது, நான் அந்தச் சடங்கில் கலந்துகொண்டேனே தவிர கால்பந்து ஆடவில்லை.

"முதலாளிகிட்ட பேசிட்டேன். இது போதும்னுட்டாரு. கையெழுத்துப் போட்டா இன்னைக்கே விடுவிப்பு அனுப்பிருதேன். நீ பஸ் ஏறிக் கேரளாவுக்குப் போயிரு" என்றார்.

ரீகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது.

உள்ளே தாள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு டெல்வின், "ஆடலைன்னு போட்டிருக்கே சார்" என்றார்.

"ஆமா."

"ஆடுனேன் சார்."

"அது எனக்கும் தெரியும்ப்பா. உனக்காகத்தான் இப்படி எழுதியிருக்கேன். கோல் எண்ணல, பரிசு இல்ல. உங்க உபதேசியாரே அது மேட்சா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலங்காரு. நீ ஏன் பிடிவாதம் பிடிக்க?"

"வேற எழுதுங்க சார். கேக்காம ஆடுனேன்னு எழுதுங்க. ஒப்பந்தத்தை மீறுனேன்னு எழுதுங்க. தப்புன்னு எழுதுங்க. போடுதேன்."

"அப்படி எழுதினா நடவடிக்கை எடுத்தாகணும். அது முடியுத வரைக்கும் உன்னை விட முடியாது. நாளையோட கெடு. கேரளாக்காரன் உனக்காகக் காத்துக்கிட்டா இருப்பான்?"

"இருக்க மாட்டான் சார்."

"பின்ன?"

ரீகன் எழுந்து கதவுக்கே போய்விட்டார். "ஏலே, போட்டுத் தொலையேம்ல!" என்றார். ஜெபராஜ் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

"எழுதுங்க சார்" என்றது டெல்வினின் குரல்.

ஜெபராஜ் தட்டச்சுத் தாளை மடித்து மேசையில் ஓரமாக வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கையாலேயே எழுதத் தொடங்கினார். பாதியில் பேனாவை மூடினார், டெல்வினைப் பார்த்தார், மறுபடி திறந்தார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினார். டெல்வின் கையெழுத்துப் போட்டார். ஜெபராஜுக்கு நன்றி சொன்னார். அது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. ஆனால் நன்றி சொன்னதை நான் கேட்டேன்.

கீழே தெருவில் அண்ணனும் தம்பியும் பைக் பக்கத்தில் நின்றார்கள். நான் அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்தேன். ரீகன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு மண்டையில என்னதாம்ல இருக்கு? வாழ்க்கையே போச்சே! நான்தான் முழுசா வந்து நிக்கேன்லா? வந்தவனை அவரு திருப்பி எடுத்துக்கிடவா போறாரு? ஆடலைன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி!"

டெல்வின் நொண்டிக்கொண்டு பைக்கில் சாய்ந்தார்.

"ஆடலைன்னு எழுதிட்டு, நாளைக்கு நீ தொழிலுக்குப் போவியா?" என்று அண்ணனைக் கேட்டார்.

ரீகன் பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

அலுவலகத்துக்குப் போய் எழுதினேன்: திருவிழாவில் நடந்த நேர்ச்சை ஆட்டத்தில் அனுமதியின்றி ஆடியதாக டெல்வின் ஒப்புக்கொண்டார், கிளப் அவர்மீது நடவடிக்கை தொடங்கியது, அதனால் அவர் கேரள கிளப்புக்குப் போவது தடைபட்டது, நேர்ச்சை அவருடைய அண்ணன் கடலிலிருந்து தப்பியதற்காக. அவ்வளவுதான் அச்சில் வந்தது. பின்னால் நடந்தவை வேறு. கேரளக்காரர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தூத்துக்குடி கிளப் அவரைச் சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தது. ஒப்பந்தம் முடியும்வரை அங்கேயே ஆடினார். பிறகும் சில வருடங்கள் மாவட்டப் போட்டிகளில் ஆடினார். பெரிய கிளப் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்குத் தண்டனை கிடைத்தது சரிதான் என்றுதான் என்னிடம் எப்போதும் சொன்னார்.

அன்று எழுதிக் கொடுத்ததோடு, தெருவில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதையும் பால்வண்ணனிடம் சொன்னேன். செய்தியில் அவர் புள்ளி எதுவும் வைக்கவில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, அண்ணன் போனானா?" என்றார்.

"எங்க சார்?"

"கடலுக்கு."

நாளைக்குத்தானே தெரியும் என்றேன். "அப்ப நாளைக்குக் கேளு" என்றார்.

மறுநாள் காலை உபதேசியாரைப் போனில் கூப்பிட்டேன். "விடியுமுன்னேயே போயிட்டாங்க மேடம்" என்றார்.

"போயிட்டாங்கன்னா? யாரெல்லாம்?"

"ரெண்டு பேரும்தான். தம்பிக்காரனும் ஏறிட்டான். கால் இன்னும் வீங்கித்தான் கெடக்கு. இறங்குல, இறங்குலன்னு அண்ணன்காரன் சத்தம் போட்டுப் பாத்தான். கரையில உக்காந்து நான் என்ன செய்யன்னு கேட்டானாம்."

பால்வண்ணனிடம் போய்ச் சொன்னேன். மற்ற நாட்களில் அடுத்த கேள்வி உடனே வரும். அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அவனுவ கரைக்கு வந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லும்மா."

செய்திக்கா என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.